புரத அமைப்பு அறிய உதவும் இணையக் கருவிகள்: நெல்லைச் சீமை ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து புரத ஆய்வுக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு சிடி ஸ்பெக்ட்ரமும் (வட்ட ஒளியைப் புரதம் உறிஞ்சும் விதத்தைக் காட்டும் வரைகோடு) ஒரு லேப்டாப்பும்தான். அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இங்கே பதில் சொல்கிறோம். எடுத்துக்காட்டுகளும் நம் பக்கத்தவையே: பலாக்கொட்டையின் ஜாக்கலின் என்ற லெக்டின் (சர்க்கரையோடு ஒட்டும் புரதம்), முருங்கை விதைப் புரதம், மன்னார் வளைகுடாக் கூம்பு நத்தையின் நச்சுப் பெப்டைடு.

சிடி ஸ்பெக்ட்ரத்தை ஏற்றினால் புரதத்தின் முப்பரிமாண அமைப்பு வந்துவிடுமா?

வராது. வட்ட இருநிறத் தன்மை எனும் சிடி, ஆல்ஃபா சுருள் எத்தனை சதவீதம், பீட்டா தகடு எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடும். எந்த அமினோ அமிலம் சுருளில் இருக்கிறது, எது தகட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அகச்சிவப்பு ஒளியில் அளக்கும் எஃப்டிஐஆரும் அப்படித்தான். அணுக்களை இடம் குறிக்க என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), எக்ஸ்கதிர்ப் படிகவியல் போன்ற முறைகளின் தரவு வேண்டும்.

அதற்காகச் சிடியைக் குறைவாக எண்ண வேண்டாம். பிரித்தெடுத்த புரதம் மடிந்த நிலையில் இருக்கிறதா, ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதில் மடிப்பு குலைந்ததா, எந்த வெப்பநிலையில் அவிழ்கிறது என்ற கேள்விகளுக்கு அரை நாளில் விடை தருவது அதுதான்.

எங்கள் கல்லூரியில் கருவி இல்லை. சாம்பிளை வெளியூருக்கு எப்படிக் கொண்டுபோவது?

எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி வெளியாருக்குத் திறந்திருக்கிறது என்பதை மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடிப் பதிவு செய்யலாம். சென்னை ஐஐடியில் சைஃப் எனும் பொதுக் கருவி மையம் உண்டு. உயர்புல என்எம்ஆருக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) என்எம்ஆர் ஆராய்ச்சி மையமும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டிஐஎஃப்ஆர்) உள்ள தேசிய மையமும் உண்டு.

சாம்பிளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் ஜெல்லோடு 4 டிகிரியில் கொண்டுபோங்கள். சோடியம் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) உள்ள புரதத்தை உறைய வைக்காதீர்கள். உறையும்போது டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மீதி திரவத்தின் பிஎச் சரசரவென்று இறங்கும். புரதம் அதிலேயே திரிந்துவிடும். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை; அந்த நேரத்துக்கு ஐஸ் ஜெல் தாங்கும். மே மாதத்து வெயிலில் பேருந்துப் பயணம் என்றால் ஜெல்லை இரட்டிப்பாக வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் 12,000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை மட்டும் எடுத்து, செறிவை மறுபடி அளக்க வேண்டும். ஊரில் அளந்த எண்ணை அங்கே பயன்படுத்தக் கூடாது. வழியில் திரண்டு அடியில் படிந்த புரதம் உங்கள் கணக்கில் இன்னும் இருக்கும், குவெட்டில் (சாம்பிளை ஊற்றி அளக்கும் சிறு செல்) இருக்காது.

எந்த பஃபர் எடுப்பது?

10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7. உப்பு வேண்டுமென்றால் சோடியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் ஃபுளோரைடு அல்லது சோடியம் சல்ஃபேட், 50 முதல் 100 மில்லிமோலார் வரை. குளோரைடு அயனி 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும். லேபில் எப்போதும் இருக்கும் பிபிஎஸ்ஸில் சோடியம் குளோரைடு சுமார் 137 மில்லிமோலார் இருப்பதால் அது இதற்கு ஆகாது. நிக்கல் பிரிப்புக் குழாயிலிருந்து (column) வரும் இமிடசோல், டிடிடி, ஹெப்பெஸ் ஆகியவையும் அதே தொல்லைதான்.

ஜாக்கலினைப் பிரிப்புக் குழாயிலிருந்து கேலக்டோஸ் விட்டு இறக்குவார்கள். அந்த கேலக்டோஸ் போகும்வரை டயாலிசிஸ் செய்து, கடைசி டயாலிசிஸ் பஃபரிலிருந்தே 50 மில்லி எடுத்துவையுங்கள். உங்கள் பிளாங்க் (புரதம் இல்லாத ஒப்பீட்டுக் கரைசல்) அதுதான். புதிதாகக் கலக்கிய பஃபர் பிளாங்க் ஆகாது.

சாம்பிள் எவ்வளவு, எந்த செல்?

0.1 சென்டிமீட்டர் ஒளிப்பாதை உள்ள செல்லுக்கு மில்லிக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம், அளவு சுமார் 300 மைக்ரோலிட்டர். 0.01 சென்டிமீட்டர் செல்லுக்கு மில்லிக்கு 1 மில்லிகிராமுக்கு மேல். 260-லிருந்து 190 நானோமீட்டர் வரை, 1 நானோமீட்டர் இடைவெளியில், குறைந்தது மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். புரதத்துக்கும் பிளாங்குக்கும் ஒரே செல், ஒரே திசையில் வைத்து.

ஸ்பெக்ட்ரத்தோடு எச்டி (ஒளி உணரிக்குத் தரப்படும் உயர் மின்னழுத்தம்) வரைகோட்டையும் கட்டாயம் சேமித்து வாங்குங்கள். 600, 700 வோல்ட்டைத் தாண்டிய இடத்திலிருந்து கீழே வரும் புள்ளிகள் வெறும் இரைச்சல். கோடு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதை வெட்டிவிட வேண்டும். எச்டி கோடு இல்லாமல் எக்செல் கோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் எங்கே வெட்டுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

சிடி தரவைக் கணக்கிடும் இணையச் சர்வர் தரும் சதவீதங்கள் நம்பும்படி இல்லை. தவறு எங்கே?

பெரும்பாலும் செறிவில். சர்வரில் தவறு இருப்பது அபூர்வம். நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பதால் கணக்கையே போட்டுக் காட்டுகிறோம்.

150 அமினோ அமிலம், எடை 16,500 டால்டன் உள்ள ஒரு புரதம். முதலில் ஒரு பெப்டைடு பிணைப்புக்கான சராசரி எடை: 16,500-ஐ 149-ஆல் வகுத்தால் 110.7. அமினோ அமில எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துத்தான் வகுக்க வேண்டும். பெரும்பாலான புரதங்களுக்கு இது 105-க்கும் 115-க்கும் நடுவில் வரும். 140 என்று வந்தால் எடையிலோ எண்ணிக்கையிலோ பிழை. பிளாங்க் கழித்த பிறகு 222 நானோமீட்டரில் மைனஸ் 12 மில்லிடிகிரி, செல் 0.1 சென்டிமீட்டர், செறிவு மில்லிக்கு 0.15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 12-ஐ 110.7-ஆல் பெருக்கி, 10 பெருக்கல் 0.1 பெருக்கல் 0.15 ஆகிய 0.15-ஆல் வகுத்தால் சுமார் மைனஸ் 8,860; இதுதான் ஒரு அமினோ அமிலத்துக்கான சராசரி எலிப்டிசிட்டி. இதை 3,298-ஆல் வகுத்தால் டெல்டா எப்சிலான் (இட, வல வட்ட ஒளி உறிஞ்சுமைகளின் வித்தியாசம்), மைனஸ் 2.69. இப்போது செறிவு உண்மையில் 0.12 மட்டுமே என்று வைத்துப் பாருங்கள். அதே 12 மில்லிடிகிரி மைனஸ் 11,070 ஆகிவிடும். கால்வாசி வித்தியாசம். சுருள் சதவீதமும் அதே அளவில் ஏறிவிடும், சர்வர் எந்த எச்சரிக்கையும் தராது.

ஆகவே சாயம் சேர்த்துச் செறிவு அளக்கும் பிராட்ஃபோர்டு முறையை நம்பாதீர்கள். அந்தச் சாயம் முக்கியமாக ஆர்ஜினினோடு ஒட்டும். ஆர்ஜினின் மிகுந்த முருங்கை விதைப் புரதத்தைப் பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) அளவுகோலில் வைத்துப் பார்த்தால் உண்மைச் செறிவு வராது. அமினோ அமில வரிசை தெரிந்திருந்தால் 280 நானோமீட்டர் உறிஞ்சுமையே நல்ல வழி: ஒரு டிரிப்டோபானுக்கு 5,500, டைரோசினுக்கு 1,490, டைசல்ஃபைடுக்கு 125. மேலே சொன்ன புரதத்தில் இவை முறையே 2, 6, 1 இருந்தால் மொத்தம் 20,065. அதை 16,500-ஆல் வகுத்தால், மில்லிக்கு 1 மில்லிகிராம் கரைசலுக்கு உறிஞ்சுமை 1.22. எக்ஸ்பேசி தளத்தின் புரோட்பாராம் இதை வரிசையிலிருந்தே கணக்கிட்டுத் தரும். டிரிப்டோபானே இல்லாத புரதத்துக்கு 205 நானோமீட்டரில் அளந்து, மில்லிக்கு 1 மில்லிகிராமுக்கு 31 என்ற எண்ணைப் பயன்படுத்தலாம். 350 நானோமீட்டரில் உறிஞ்சுமை தெரிந்தால் அது ஒளிச்சிதறல். மறுபடி சுழற்றிவிட்டு அளங்கள்.

டைக்ரோவெப்பில் என்ன நிரப்புவது?

டைக்ரோவெப் என்பது சிடி கோட்டிலிருந்து சுருள், தகடு சதவீதங்களைக் கணக்கிடும் சர்வர்; லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் இயங்குவது. கல்லூரி மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும். படிவத்தில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் அலகு. கோப்பில் மில்லிடிகிரி இருந்தால் கருவி அலகைத் தேர்ந்து, செறிவு, செல் நீளம், சராசரி எடை மூன்றையும் தர வேண்டும். நீங்களே மேலே உள்ள கணக்கைப் போட்டு மாற்றியிருந்தால் அந்த அலகைத் தேர வேண்டும். இரண்டையும் செய்தால் இரண்டு முறை மாற்றப்பட்டு எண்கள் பொருளற்றுப் போகும். பயன்படுத்தும் மிகக் குறைந்த அலைநீளம் என்ற கட்டத்தில் எச்டி பார்த்து வெட்டிய எண்ணை இடுங்கள்.

அடுத்து, ஒப்பிடுவதற்கான தெரிந்த புரதங்களின் தொகுப்பைத் தேர வேண்டும். 190 நானோமீட்டர் வரை நல்ல தரவு இருந்தால் தொகுப்பு 4 அல்லது 7. தொகுப்பு 7-இல் மடிப்பு குலைந்த புரதங்களும் சேர்ந்திருப்பதால், பாதி அவிழ்ந்த சாம்பிளுக்கு அது பொருந்தும். 175 வரை தரவு இருந்தால் எஸ்பி175. சவ்வுப் புரதத்துக்கு எஸ்எம்பி180. 200 வரைதான் தரவு என்றால் இந்தத் தொகுப்புகளை விட்டுவிட்டு கே2டி போன்ற கணக்கு முறையை எடுங்கள். சுருள் சதவீதத்தை ஓரளவு நம்பலாம், தகட்டை நம்ப முடியாது. சிலர் இல்லாத 190–200 பகுதியைத் தோராயமாக வரைந்து நிரப்புகிறார்கள். அது தரவைப் புனைவது. செய்யாதீர்கள்.

செல்கான்3, கான்டின், சிடிஎஸ்எஸ்டிஆர் என்ற கணக்கு முறைகள் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் சில சதவீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனால் நல்லது.

என்ஆர்எம்எஸ்டி (கணக்கிட்ட கோட்டுக்கும் அளந்த கோட்டுக்கும் உள்ள விலகல்) 0.02 வந்திருக்கிறது. விடை சரிதானே?

அப்படிச் சொல்ல முடியாது. 0.1-க்கு மேல் வந்தால் விடையை ஒதுக்கலாம். குறைவாக வந்தால், கணக்கிட்ட கோடு உங்கள் கோட்டோடு பொருந்தியது என்பது மட்டும்தான் பொருள். செறிவு தவறான கோட்டோடும் அழகாகப் பொருந்த சிடிஎஸ்எஸ்டிஆரால் முடியும். செறிவில் சந்தேகம் இருந்தால் அளவு மாற்றும் காரணியை 0.95, 1.05 என்று மாற்றி ஓட்டி, சதவீதங்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பாருங்கள். அந்த ஆட்டம்தான் உங்கள் உண்மையான பிழை எல்லை, ஆய்வேட்டில் அதையும் எழுத வேண்டும்.

பெஸ்ட்செல் என்ற சர்வர் வேறு எண்கள் தருகிறது. எதை எடுப்பது?

பீட்டா மிகுந்த புரதம் என்றால் பெஸ்ட்செல். புடாபெஸ்ட்டின் ஏட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தவர்கள் 2015-இல் வெளியிட்ட முறை இது. பீட்டா தகடுகள் முறுக்கிக்கொள்ளும் விதத்துக்கு ஏற்ப அவற்றின் சிடி கோடு மாறுகிறது. பழைய முறைகள் எல்லாத் தகட்டையும் ஒரே கணக்கில் சேர்த்ததால் அங்கே சறுக்கின. பெஸ்ட்செல் எதிரிணைத் தகட்டை இடமுறுக்கு, தளர்ந்தது, வலமுறுக்கு என மூன்றாகவும், ஓரிணைத் தகட்டைத் தனியாகவும் பிரிக்கிறது. சுருளில் இரண்டு வகை, திருப்பம், மற்றவை என மொத்தம் எட்டு.

பழகிப் பார்க்க ஜாக்கலினைவிட நல்ல புரதம் நம் பக்கத்தில் இல்லை. குற்றாலத்துப் பலாப்பழ சீசனில் கொட்டைக்குப் பஞ்சமே கிடையாது. அதன் படிக அமைப்பை ஐஐஎஸ்சியில் எம். விஜயன் குழு 1996-இல் வெளியிட்டது. பிடிபி (புரத அமைப்புகளின் பொதுத் தரவகம்) எண் 1ஜேஏசி. முழுக்கப் பீட்டா தகடுகளால் ஆன, பட்டக வடிவ மடிப்பு. அந்தப் பிடிபி கோப்பை பிடிபி2சிடி சர்வரில் கொடுத்தால் எதிர்பார்க்க வேண்டிய சிடி கோட்டை வரைந்து தரும். உங்கள் கோட்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள். வடிவம் ஒத்து உயரம் மட்டும் வேறுபட்டால் செறிவுப் பிழை. வடிவமே வேறு என்றால் சாம்பிளில் வேறு புரதம் கலந்திருக்கிறது அல்லது புரதம் திரிந்திருக்கிறது.

சின்னப் பெப்டைடை இந்தச் சர்வர்களில் போடலாமா?

வேண்டாம். ஒப்பீட்டுத் தொகுப்புகள் எல்லாம் முழுப் புரதங்கள். 15 அமினோ அமிலம் உள்ள நத்தைப் பெப்டைடுக்கு அவை தரும் சதவீதத்துக்குப் பொருள் இல்லை.

எஃப்டிஐஆர் தரவுக்கு என்ன வழி?

1,600 முதல் 1,700 செ.மீ⁻¹ வரையான 'அமைடு I' எனும் உறிஞ்சுப் பட்டையைப் பார்க்க வேண்டும். சுருள் 1,650–1,658 அளவிலும், தகடு 1,620–1,640 அளவிலும் தெரியும். சாதா தண்ணீரும் 1,645 பக்கத்தில் பலமாக உறிஞ்சுவதால் கனநீரில் எடுப்பார்கள், இல்லையென்றால் 6 மைக்ரோமீட்டர் போன்ற மெல்லிய செல்லில் எடுப்பார்கள். பட்டையை எத்தனை சிறு பட்டைகளாக உடைப்பது என்பது உடைப்பவர் கையில் இருப்பதால், சிடிக்குத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

என்எம்ஆருக்கு எங்கள் புரதம் ஏற்றதா?

ஜாக்கலின் ஏற்றதல்ல. நான்கு உறுப்புகள் சேர்ந்து சுமார் 66,000 டால்டன். வழக்கமான முறைக்கு மிகப் பெரியது. 15,000 டால்டனுக்குள் இருந்தால் வசதி.

கூம்பு நத்தைப் பெப்டைடு போலச் சிறியது என்றால் ஐசோடோப்பு வேண்டாம். 1 மில்லிமோலார் கரைசல், 10 சதவீதம் கனநீர், டாக்சி (TOCSY), நோயெசி (NOESY) என்ற இரண்டு ஸ்பெக்ட்ரங்கள் போதும்; நோயெசி அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தைக் காட்டும். புரதம் என்றால் நைட்ரஜன்-15, கார்பன்-13 ஏற்ற வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் எம்9 ஊடகத்தில் லிட்டருக்கு நைட்ரஜன்-15 அமோனியம் குளோரைடு 1 கிராம், கார்பன்-13 குளுக்கோஸ் 2 முதல் 3 கிராம். குளுக்கோஸ்தான் காசைத் தின்னும். அதனால் முதலில் நைட்ரஜன்-15 மட்டும் ஏற்றி ஒரு எச்எஸ்க்யூசி (நைட்ரஜனையும் அதோடு ஒட்டிய புரோட்டானையும் காட்டும் ஸ்பெக்ட்ரம்) எடுத்துப் பாருங்கள். புரோலினைத் தவிர ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு புள்ளி வர வேண்டும், அவை நன்கு பரவியிருக்க வேண்டும். எல்லாம் புரோட்டான் அச்சில் 8 முதல் 8.5 பிபிஎம்முக்குள் குவிந்துகிடந்தால் புரதம் மடியவில்லை. கார்பனுக்குச் செலவு செய்யும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

டாலோஸ்-என் பாதி இடங்களில் எச்சரிக்கை காட்டுகிறது. ஏன்?

டாலோஸ்-என் என்பது அமெரிக்காவின் என்ஐஎச்சில் யாங் ஷென், ஆட் பாக்ஸ் இருவரும் உருவாக்கியது. வேதிப்பெயர்ச்சி (என்எம்ஆரில் ஒவ்வொரு அணுவின் புள்ளி விழும் இடம்) எண்களிலிருந்து புரதச் சங்கிலி முதுகெலும்பின் ஃபை, சை எனும் திருப்பக் கோணங்களைக் கணிக்கும். எச்சரிக்கை நிறைய வந்தால் முதலில் குறிப்பு அளவை (பிபிஎம் பூஜ்ஜியம் வைத்த இடம்) சோதியுங்கள். ஆல்ஃபா கார்பன் சுருளில் இருந்தால் சுமார் 3 பிபிஎம் மேலேயும், தகட்டில் சுமார் 1.5 பிபிஎம் கீழேயும் நகரும். குறிப்பு அளவு 2 பிபிஎம் தவறினால் சுருள் தகடாகிவிடும். டிஎஸ்எஸ் என்ற குறிப்புப் பொருளைச் சேர்த்து, அதன் புரோட்டான் அதிர்வெண்ணை 0.251449530-ஆல் பெருக்கிக் கார்பனுக்கும், 0.101329118-ஆல் பெருக்கி நைட்ரஜனுக்கும் பூஜ்ஜியம் வையுங்கள். டிஎஸ்எஸ் போடாமல் எடுத்துவிட்ட தரவு என்றால் பேனாவ் அல்லது லேக்ஸ் நிரலில் போட்டு நகர்வைத் திருத்தலாம்.

அடுத்தது கோப்பு. டைசல்ஃபைடில் உள்ள சிஸ்டீனை ஆங்கிலச் சிறிய எழுத்து சி-யாலும், தனி சிஸ்டீனைப் பெரிய எழுத்தாலும் குறிக்க வேண்டும். முருங்கைப் புரதத்திலும் நத்தைப் பெப்டைடிலும் டைசல்ஃபைடு இருப்பதால் இதை விட்டுவிட்டால் அந்த இடங்களும் அக்கம்பக்கமும் தவறும். பிஎம்ஆர்பி (என்எம்ஆர் தரவுகளின் பொதுத் தரவகம்) கோப்பில் அமைடு புரோட்டானுக்கு எச் என்று இருக்கும். டாலோஸ் எச்என் என்று எதிர்பார்க்கும். மாற்றாவிட்டால் அந்த எண்களைப் படிக்காமலே ஓடி முடித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சில இடங்களில் 'டைன்' என்று வந்தால் அது பிழை அல்ல. அந்தப் பகுதி ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கே கோணத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வேதிப்பெயர்ச்சி மட்டும் இருக்கிறது, நோயெசி இல்லை. அமைப்பு கிடைக்குமா?

சுமார் 100 அமினோ அமிலத்துக்குள் என்றால் வேதிப்பெயர்ச்சியிலிருந்து மாதிரி கட்டும் சிஎஸ்-ரோசெட்டா நிரலை முயலலாம்; பிஎம்ஆர்பி தளத்தில் அதற்கு சர்வர் உண்டு. ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கட்டி ஆற்றல் வரிசையில் அடுக்கும். குறைந்த ஆற்றலுள்ள பத்து மாதிரிகளும் மிகக் குறைந்ததிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் குவிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். குவியாவிட்டால் அழகான படம் ஒன்றைத் தேர்ந்து ஆய்வேட்டில் ஒட்டக் கூடாது. ஆடும் வால் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் பலமுறை குவியும்.

முழு ஸ்பெக்ட்ரங்களும் இருந்தால் என்எம்ஆர்டிஸ்ட் தளத்தில் ஆர்டினா என்ற நிரல், புள்ளி பொறுக்குவதிலிருந்து அமைப்பு வரை தானாகவே செய்யும். உங்கள் லேப்டாப் பலவீனமானது என்றால் என்எம்ஆர்பாக்ஸில் பதிவு செய்யுங்கள். மென்பொருள்கள் நிறுவப்பட்ட கணினி தூரத்தில் ஓடும், உங்கள் திரையில் தெரியும். கல்வி ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. விடுதி வைஃபை அறுந்தாலும் கரண்ட் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆல்ஃபாஃபோல்டு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ஆல்ஃபாஃபோல்டு அமினோ அமில வரிசையிலிருந்து தருவது கணிப்பு. உங்கள் பஃபரில், உங்கள் பிஎச்சில், உங்கள் சாம்பிள் அப்படித்தான் இருக்கிறதா என்று அது சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். கணித்த மாதிரியை ஷிஃப்ட்எக்ஸ்2-இல் கொடுத்தால் வேதிப்பெயர்ச்சிகளைக் கணக்கிட்டுத் தரும். அவற்றை அளந்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரே துண்டில் தொடர்ந்து விலகினால் அந்தத் துண்டில் மாதிரி தவறு. பிஎல்டிடிடி (ஆல்ஃபாஃபோல்டு தரும் நம்பகத்தன்மை மதிப்பெண்) 50-க்குக் கீழே உள்ள பகுதிகளைப் பெரும்பாலும் ஒழுங்கற்றவை என்று கொள்ளுங்கள்.

கிடைத்த அமைப்பைச் சரிபார்ப்பது எப்படி?

மோல்புரோபிடி, பிஎஸ்விஎஸ் என்ற சரிபார்ப்புச் சர்வர்கள் இரண்டிலும் போடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, ஃபை, சை கோணங்களில் எவை சாத்தியம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்டது. உலகின் எந்த லேபில் புரத அமைப்பு கட்டினாலும் இன்றும் அந்த வரைபடத்தின் முன் நின்றாக வேண்டும். தமிழ்நாட்டு மாணவர் அதை ஒரு முறையாவது கையால் வரைந்து பழக வேண்டும் என்பது எங்கள் விருப்பம். கிளைசின் அல்லாத அமினோ அமிலம் ஒன்று தடைசெய்த பகுதியில் விழுந்தால், அந்த இடத்தின் நோயெசி தூரங்களில் தவறான அடையாளம் இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

வெளியிடும் முன் தரவை எங்கே சேர்ப்பது?

சிடி ஸ்பெக்ட்ரத்தை பிசிடிடிபி என்ற சிடி தரவகத்தில் சேர்க்கலாம்; எச்டி கோடு, செறிவு அளந்த முறை, செல் நீளம், வெப்பநிலை எல்லாம் கேட்கும். என்எம்ஆர் அமைப்பை பிடிபியில் சேர்க்க, தூரக் கட்டுப்பாடுகள் 2008 முதலும் வேதிப்பெயர்ச்சிகள் 2010 முதலும் கட்டாயம். வேதிப்பெயர்ச்சிக் கோப்பை பிஎம்ஆர்பியின் என்எம்ஆர்-ஸ்டார் வடிவில் முதலிலிருந்தே வைத்துக்கொண்டால் கடைசி வாரத்தில் கைகளால் தட்டச்சு செய்ய வேண்டியிராது. இதழ் ஏற்கும்வரை பதிவை வெளியிடாமல் நிறுத்திவைக்கும் வசதி பிடிபியிலும் பிஎம்ஆர்பியிலும் உண்டு. படிவத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள்.